பதினான்காம் கட்டத்தில் ‘தெரியாது’ என்று எழுதாதீர்கள்

கேள்வி:

மதிப்பிற்குரிய ஐயா, ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஒரு மணி நேர ஓட்டத்தில் உள்ள ஒரு நீர் விளையாட்டுப் பூங்காவில் நான் மூன்றாவது ஆண்டாகச் செயற்பாட்டு முகாமையாளராகப் பணிபுரிகிறேன். கோடையில் ஏறக்குறைய 140 பேர் எங்களிடம் வேலை செய்கிறார்கள். பெரும்பாலோர் மாணவர்கள். குளிர்காலத்தில் நானும் அலுவலகத்தில் இன்னும் இருவரும் மட்டுமே இருப்போம். சென்ற ஆண்டு ஓகஸ்ட் மூன்றாம் வாரத்திலேயே பல்கலைக்கழக மாணவர்கள் விலகிவிட்டதால், செப்டெம்பர் முதல் திங்களன்று வரும் லேபர் டே விடுமுறைக்குப் பிந்திய மூடும் வேலைகள் முழுவதையும் ஐந்து பேர் செய்தோம். வசந்தத்தில் திறந்தபோது மூன்று இடங்களில் குழாய் வெடித்திருந்தது. பராமரிப்புக் குழுவில் பதினொரு பருவங்களாக இருப்பவரும் நாங்கள் எல்லோரும் ‘அண்ணை’ என்று அழைப்பவருமான ஒருவர், இந்த ஆண்டுடன் விலகிக் களஞ்சியமொன்றில் நிரந்தர வேலைக்குச் செல்லப் போவதாகச் சொல்கிறார். “திரும்பக் கூப்பிடுவியளோ இல்லையோ எண்டு தெரியாமல் வின்ரர் முழுக்க இருக்கேலாது பிள்ளை” என்றார். பருவம் முடிந்ததும் அவர்களுடைய குழுக் காப்புறுதியையும் நிறுத்திவிடுவது எங்கள் வழக்கம். உரிமையாளரோ, லேபர் டே அன்று எல்லோருக்கும் ஒரே கடிதத்தைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள், மிச்சத்தை வசந்தத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். யாரை வைத்திருப்பது, யாரை எப்படி அனுப்புவது, அனுப்பியவர்களை எப்படித் திரும்பப் பெறுவது என்று சொல்வீர்களா?

ஒரு வாசகி, ஒன்ராறியோ

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். வெடித்த குழாய்களைவிட அண்ணை சொன்ன அந்த ஒரு வசனமே என் மனதில் நின்றது. சென்ற இலையுதிர்காலத்தில் அவருக்கு நீங்கள் வழங்கிய வேலைப் பதிவுச் சான்றை, ‘ஆர்.ஓ.ஈ.’ என்று எல்லோரும் சொல்லும் அந்தப் பத்திரத்தை, தயவுசெய்து ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். அதன் 14ஆம் கட்டம், ஊழியர் எப்போது திரும்ப அழைக்கப்படுவார் என்று கேட்கிறது. அங்கே ஒரு திகதியைக் குறிக்கலாம், திரும்பமாட்டார் என்று குறிக்கலாம், தெரியாது என்றும் குறிக்கலாம். நான் பார்த்த பருவகால நிறுவனங்களிற் பலவற்றில், சம்பளப் பிரிவில் இருப்பவர் யாரையும் கேளாமலே ‘தெரியாது’ என்பதைத் தெரிவு செய்து அடுத்த ஆளின் பத்திரத்துக்குப் போய்விடுவார். அந்தப் பத்திரம் அரசாங்கத்தின் சேவைப் பிரிவான சேர்விஸ் கனடாவுக்குப் போவதோடு, ஊழியரின் இணையக் கணக்கிலும் தோன்றுகிறது. பதினொரு பருவங்கள் உழைத்த ஒருவர், தம்முடைய எதிர்காலத்தைப் பற்றித் தம் நிறுவனம் அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்த ஒரே சொல்லாகத் ‘தெரியாது’ என்பதை நவம்பர் மாத இரவொன்றில் கணினித் திரையில் வாசிக்கும்போது, களஞ்சிய வேலைக்கான விளம்பரத்தை அடுத்த பக்கத்தில் திறப்பதில் வியப்பதற்கு எதுவும் இல்லை.

உங்கள் மூன்று கேள்விகளுக்கும் வேர் இதுவே. பூங்கா மூடும் நாளில் உங்கள் ஊழியர்கள் இரு வகையினராகப் பிரிகிறார்கள். ஒரு வகையினருக்கு வேலை முடிகிறது, மற்றவர்களுக்கு வேலை இடைநிற்கிறது. யார் எந்த வகை என்பதைப் பருவம் தொடங்குமுன் தீர்மானித்து, அதை எழுத்தில் அவரவருக்குச் சொல்லிவிட்டால், நீங்கள் இன்று படும் துன்பத்தின் பெரும்பகுதி இல்லாமற் போகும். இந்த ஆண்டு அதற்குக் காலம் கடந்துவிட்டது என்றாலும், லேபர் டேக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. உங்கள் உரிமையாளர் சொல்லும் ஒரே கடிதம் இவ்விரு வகையினரையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறது என்பதால், மனிதாபிமானம் ஒருபுறம் இருக்க, பணக் கணக்கிலும் அது அவருக்குப் பாதகமானது. அதை அவருக்குக் காட்டக்கூடிய கணக்கை முதலில் தருகிறேன்.

இந்த ஆண்டு லேபர் டே 2026 செப்டெம்பர் 7ஆம் திகதி வருகிறது. பருவம் மீண்டும் தொடங்கும் வேளையான அடுத்த ஆண்டு விக்டோரியா டே விடுமுறை 2027 மே 24ஆம் திகதி. இரண்டுக்கும் இடையில் சரியாக 37 வாரங்கள். ஒன்ராறியோவின் தொழில் நியமங்கள் சட்டம், ‘லே-ஓஃப்’ எனப்படும் தற்காலிகப் பணிநிறுத்தத்தை, தொடர்ச்சியான எந்த 20 வாரங்களிலும் 13 வாரங்களுக்கு மேற்படாத அளவுக்கே பொதுவாக அனுமதிக்கிறது. குழுக் காப்புறுதிக்கான கட்டணத்தைத் தொழில்வழங்குநர் தொடர்ந்து செலுத்துதல், தொழிற்சங்கத்தில் இல்லாத ஊழியருடன் திரும்ப அழைக்கும் காலத்தைக் குறித்து உடன்படிக்கை செய்து அதன்படி அழைத்தல் போன்ற சில நிபந்தனைகளுள் ஒன்று நிறைவேறினால், தொடர்ச்சியான 52 வாரங்களில் 35 வாரங்களுக்குக் குறைவாக அதை நீட்டிக்கலாம். 37 வாரங்கள் இந்த இரண்டு எல்லைகளுக்கும் வெளியே நிற்கின்றன. நீங்கள் காப்புறுதியையும் நிறுத்தி, திரும்ப அழைக்கும் திகதியையும் எழுதாமல் லேபர் டே அன்று அண்ணையை அனுப்பினால், டிசெம்பர் 7ஆம் திகதியோடு 13 வாரங்கள் நிறைவடையும். அதைத் தாண்டியதும், பணிநிறுத்தம் தொடங்கிய முதல் நாளிலேயே அவரது வேலை முடிவுறுத்தப்பட்டதாகச் சட்டம் கொள்ளும். பணிமுடிவுக் கொடுப்பனவு சேவைக் காலத்தைப் பொறுத்து 8 வாரச் சம்பளம் வரை ஏறும். நிறுவனத்தின் மொத்தச் சம்பளச் செலவு ஆண்டுக்கு 25 இலட்சம் டொலரை எட்டினால், ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ சேவை செய்தவருக்கு வேறொரு கொடுப்பனவும் சேர்ந்துகொள்ளும்.

இவை சட்டம் வகுத்த குறைந்தபட்சங்கள். நீதிமன்றத் தீர்ப்புகளால் உருவான பொதுச்சட்டம் இதைவிடக் கடுமையானது. வேலை ஒப்பந்தத்தில் இடமளிக்கப்படாவிட்டால் தற்காலிகமாகக்கூட ஒருவரை வீட்டுக்கு அனுப்ப முடியாது என்றும், அப்படி அனுப்புவது மறைமுகமான பணிநீக்கமாகும் என்றும் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் வீட்டுக்குப் போய் ஒவ்வொரு வசந்தத்திலும் திரும்பிவந்த பழக்கம் உங்களுக்குச் சாதகமாகப் பேசலாம். ஆனால் அதை நம்பி ஒப்பந்தத்தில் எதையும் எழுதாமல் இருப்பது அறிவுடைமை ஆகாது.

இனி வேலை முடிகிறவர்களைப் பார்ப்போம். சறுக்குகளின் மேலும் கீழும் நிற்கும் உயிர்காப்பாளர்கள், சீட்டு விற்பவர்கள், உணவுக் கடைப் பிள்ளைகள் ஆகிய 120 பேருக்கு மேற்பட்ட மாணவர்கள் இந்த வகையினர். இவர்களுக்கு முடிவுத் திகதி குறிப்பிட்ட நிலையான கால ஒப்பந்தம் பொருத்தமானது. குறித்த திகதியில் ஒப்பந்தம் தானாக முடியும்போது, பணிமுடிவு அறிவித்தல் கொடுக்கவேண்டிய கடப்பாடு பொதுவாக எழாது. ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. முன்கூட்டியே முடிக்கலாம் என்ற செல்லுபடியாகும் நிபந்தனை ஒப்பந்தத்தில் இல்லாமல், ஓகஸ்டில் மழை பெய்து கூட்டம் குறைந்தது என்று முன்னதாகவே அனுப்பினால், மீதிக் காலத்துக்கான சம்பளம் முழுவதையும் செலுத்தவேண்டி வரலாம். 2016இல் வந்த ஒரு மேன்முறையீட்டுத் தீர்ப்பு அப்படித்தான் கூறுகிறது. அதுபோலவே, நிரந்தரமாக வைத்திருக்க விரும்பும் ஒருவருக்கு ஆண்டுதோறும் நிலையான கால ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டே போவதும் பாதுகாப்பானதல்ல. ஜிம்னாஸ்டிக் சம்மேளனமொன்றின் ஊழியர் பதினைந்து ஓராண்டு ஒப்பந்தங்களில் தொடர்ந்து பணிபுரிந்த வழக்கில், நீதிமன்றம் 2001இல் அந்தத் தாள்களைக் கடந்து உண்மையான உறவைப் பார்த்தது. ஆகவே அண்ணையை இந்த வகைக்குள் தள்ளி இலகுவாக முடித்துவிடலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால் ஏற்காதீர்கள்.

மாணவர்களின் கடைசிச் சம்பளத்தில் ஒரு விடயத்தைக் கவனியுங்கள். சீருடை திரும்பவில்லை, விசில் தொலைந்துவிட்டது என்று கடைசிச் சம்பளத்தில் கழிக்கும் வழக்கம் பல பூங்காக்களில் உண்டு. குறித்த தொகைக்கு ஊழியர் எழுத்தில் ஒப்புதல் தராமல் அப்படிக் கழிப்பது சட்டவிரோதம். முதல் வேலை பார்த்த பதினாறு வயதுப் பிள்ளையின் கடைசிக் காசோலையில் பதினெட்டு டொலர் குறைந்தால், அந்தப் பிள்ளையின் வகுப்பில் இருக்கும் முப்பது பேரும் அடுத்த ஆண்டு உங்களிடம் விண்ணப்பிக்கமாட்டார்கள். விடுமுறைக் கொடுப்பனவான 4 சதவீதத்தையும் சேர்த்து, வேலை முடிந்து ஏழு நாட்களுக்குள், அல்லது அடுத்த சம்பள நாளில், இரண்டில் எது பிந்தியதோ அதற்குள் கொடுத்து முடியுங்கள்.

உங்கள் நெருக்கடி லேபர் டேக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே தொடங்குகிறது. பல்கலைக்கழக விடுதிகளில் குடியேறும் நாட்கள் ஓகஸ்ட் இறுதியில் வருகின்றன. அது ஒவ்வோர் ஆண்டும் தெரிந்த விடயமாக இருந்தும், ஒவ்வோர் ஆண்டும் பூங்காக்கள் அதிர்ச்சியடைகின்றன. மார்ச் மாத நேர்முகத்திலேயே “உங்களால் வேலை செய்யக்கூடிய கடைசி நாள் எது?” என்று கேட்டு, அந்தத் திகதியை ஒரு அட்டவணையில் பதிந்து வைத்தால், ஓகஸ்ட் 20ஆம் திகதிக்குப் பின் எத்தனை உயிர்காப்பாளர்கள் எஞ்சுவார்கள் என்பது ஏப்ரலிலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும். உயர்பாடசாலை மாணவர்களுக்கு வகுப்புகள் பெரும்பாலும் லேபர் டேக்குப் பிறகே ஆரம்பிக்கின்றன. எனவே அவர்களை அலைத் தடாகத்திலும் ஆழமான பகுதிகளிலும் தனித்து நிற்கக்கூடிய அளவுக்கு யூலை மாதத்துக்குள் பயிற்றுவித்து வைத்திருந்தால், கடைசி இரண்டு வாரங்களை அவர்களைக் கொண்டு நடத்தலாம். அப்படியும் எண்ணிக்கை போதாவிட்டால், எல்லாத் தடாகங்களையும் திறந்து வைத்து ஆட்களை ஐதாக்குவதை ஒருபோதும் செய்யாதீர்கள். பொது நீச்சல் தடாகங்களுக்கான ஒழுங்குவிதி கேட்கும் உயிர்காப்பாளர் எண்ணிக்கை ஓகஸ்டுக்காகக் குறைவதில்லை. ஆட்கள் அதிகம் தேவைப்படும் ஒன்றை மூடி, அதை நுழைவாயிலிலும் இணையத்திலும் முன்கூட்டியே அறிவித்து, தேவைப்பட்டால் சீட்டு விலையைக் குறைத்து நடத்துங்கள்.

செப்டெம்பரில் வெளிநாட்டு மாணவர்களைக் கொண்டு ஆள் பற்றாக்குறையை நிரப்பலாம் என்று எண்ணுவீர்களானால், 2024 நவம்பர் முதல் அவர்கள் கல்விக் காலத்தில் கல்லூரிக்கு வெளியே வாரத்துக்கு 24 மணி நேரமே வேலை செய்யலாம் என்பதை நினைவில் வையுங்கள். கோடை விடுமுறையில் 40 மணி நேரம் வேலை செய்த அதே பிள்ளை, வகுப்பு தொடங்கிய வாரத்திலிருந்து அந்த எல்லைக்குள் வந்துவிடுகிறார். பணப் பற்றாக்குறையால் அவர் “பரவாயில்லை, செய்கிறேன்” என்று சொல்லக்கூடும். நீங்கள்தான் வேண்டாம் என்று சொல்லவேண்டும், ஏனென்றால் எல்லை மீறப்பட்டால் குடிவரவு நிலையை இழப்பவர் அவரே.

மூடும் வேலையைப் பற்றிச் சற்று விரிவாக எழுதுகிறேன், ஏனெனில் உங்கள் உரிமையாளர் அதைத் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பூட்டுப் போடும் வேலையாக எண்ணுகிறார் என்று ஊகிக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், நான் மனிதவளப் பொறுப்பில் இருந்த ஒரு பூங்காவில், ஒக்டோபர் காலையொன்றில் பம்பு அறைக்குள் நின்று பார்த்திருக்கிறேன். இழுவை வண்டியில் வந்த பெரிய கம்பிரசர் வெளியே இரைந்துகொண்டிருந்தது. பராமரிப்புத் தலைவர் ஒவ்வொரு வால்வாகத் திறந்து காற்றைச் செலுத்த, தூரத்தில் சறுக்கின் உச்சியில் நின்றவர், முதலில் நீரும் பின்னர் நீரும் காற்றுமாகவும் இறுதியில் வெறும் புகைபோன்ற ஈரமும் வருவதைக் கையால் சைகை காட்டினார். எல்லாம் முடிந்தது என்று நாங்கள் நினைத்தபோது, தலைவர் கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு குழாயின் வளைவில் உள்ளங்கையை வைத்து, “இன்னும் கிடக்குது” என்றார். நிலத்துக்குள் அந்தக் குழாய் சற்றுத் தாழ்ந்து போகிறது, அங்கே எப்போதும் ஒரு வாளித் தண்ணீர் தேங்கும் என்பது வரைபடத்தில் இல்லை, அவருடைய கையில்தான் இருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் வேறு வேலைக்குப் போனார். அவரைத் தடுக்க நாங்கள் ஒன்றும் செய்யவில்லை, நானும் செய்யவில்லை. அடுத்த வசந்தத்தில் சரியாக அந்த வளைவில் குழாய் நீளமாகப் பிளந்திருந்தது. உங்கள் மூன்று வெடிப்புகளைப் பற்றி வாசித்தபோது எனக்கு அந்த வளைவுதான் ஞாபகத்துக்கு வந்தது.

தடாகத்தை எவ்வளவு வடிப்பது என்ற முடிவே அனுபவம் கேட்கும் ஒன்று. முழுவதும் வடித்துவிட்டால், நிலத்தடி நீரின் அழுத்தம் வெறுமையான தடாகத்தின் தளத்தை மேல்நோக்கித் தள்ளி வெடிக்கச் செய்யக்கூடும். வடிக்காமல் விட்டால் ஓரங்களில் உள்ள பொருத்துகளைப் பனிக்கட்டி உடைக்கும். பம்புகளில் உள்ள வடிகால் அடைப்புகளைக் கழற்றுதல், வடிகட்டிகளை வெறுமையாக்குதல், தண்ணீர் தேங்கும் இடங்களில் நச்சுத்தன்மை குறைந்த புரொப்பிலீன் கிளைக்கோல் உறைதடுப்பியை ஊற்றுதல், மிஞ்சிய குளோரினையும் அமிலத்தையும் ஒன்றையொன்று தீண்டாதவாறு பிரித்து அகற்றுதல் என்று ஒவ்வொன்றுக்கும் பழகிய ஆள் தேவை. நீர் சமன்செய்யும் தொட்டிக்குள் இறங்குவது, மூடிய இடங்களுக்கான 632/05ஆம் ஒழுங்குவிதியின் கீழ் வரக்கூடிய வேலை. அதற்குப் பயிற்சி பெற்றவரும் மீட்புத் திட்டமும் வேண்டும், அவசரத்தில் எஞ்சிய மாணவன் ஒருவனை இறக்கிவிடக்கூடாது. உங்கள் பூங்காவின் அளவுக்கு எட்டுப் பேர் மூன்று வாரங்கள் செய்யவேண்டிய வேலை இது என்பது என் மதிப்பீடு. சென்ற ஆண்டு ஐந்து பேர் செய்தீர்கள் என்றால், மூன்று வெடிப்புகளுடன் தப்பியதை நல்லகாலம் என்றே சொல்வேன்.

இந்த எட்டுப் பேரை எங்கே தேடுவது? வார நாட்களில் மாணவர்கள் கிடைக்கமாட்டார்கள். ஓய்வு பெற்றவர்கள், அண்மையில் குடியேறி முதல் வேலை தேடுபவர்கள், தோட்ட வேலை நிறுவனங்களில் பருவ வேலை குறைந்தவர்கள் ஆகியோரை ஓகஸ்ட் நடுப்பகுதியிலேயே, மூடும் வேலை முடியும்வரையான ஒப்பந்தத்தில் எடுத்து, பூங்கா இயங்கும்போதே பம்பு அறையைக் காட்டிவிடுங்கள். மாணவர்களுள் உள்ளூரில் படிக்கும் சிலர் வார இறுதிகளில் வர விரும்பினால், மூடும் காலம் முடியும்வரை இருப்பவர்களுக்கு அந்தக் காலத்து மணிநேரங்களுக்கு மேலதிகமாக ஒரு தொகையைப் போனஸாகக் கொடுங்கள். ஏற்கனவே உழைத்த சம்பளத்தைப் பிடித்து வைத்துப் பின்னர் கொடுப்பதற்குப் போனஸ் என்று பெயர் சூட்டக்கூடாது. ஒக்டோபர் 1ஆம் திகதி மாகாணத்தின் குறைந்தபட்ச ஊதியம் வழமையாக மாறும் நாள் என்பதால், அது மூடும் வேலையின் நடுவில் வருகிறது என்பதையும் சம்பளப் பிரிவுக்கு ஞாபகப்படுத்துங்கள்.

இப்போது வேலை இடைநிற்பவர்களிடம் வருகிறேன். 140 பேரில் இவர்கள் ஆறு அல்லது ஏழு பேருக்கு மேல் இருக்கமாட்டார்கள்: பராமரிப்பில் நால்வர், உயிர்காப்பாளர்களின் தலைவர், உணவுப் பகுதியை நடத்தும் ஒருவர். இவர் இல்லாவிட்டால் மே மாதத்தில் பூங்காவைத் திறக்க முடியுமா என்று ஒவ்வொரு பெயருக்கும் நேரே உங்களை நீங்களே கேளுங்கள். முடியாது என்ற பதில் வந்தால் அவர் இந்தப் பட்டியலில் இருக்கவேண்டும். அவர்களை லேபர் டே அன்று நிறுத்தாமல் மூடும் வேலைக்காக ஒக்டோபர் இறுதிவரை வைத்திருந்து, நவம்பர் 2ஆம் திகதியிலிருந்து பணிநிறுத்தம் செய்து, 2027 ஏப்ரல் 12ஆம் திகதி திரும்ப அழைத்தால், இடைவெளி 37 வாரங்களிலிருந்து 23 வாரங்களாகச் சுருங்கும். அது 13 வாரங்களைத் தாண்டுவதால் மேலே சொன்ன நிபந்தனைகளுள் ஒன்று தேவை. குழுக் காப்புறுதியைத் தொடர்வதையே நான் பரிந்துரைப்பேன். அது சட்டத்தின் நிபந்தனையையும் நிறைவேற்றும். பிள்ளையின் பல் வைத்தியச் செலவையும் மனைவியின் மருந்துச் செலவையும் குளிர்காலத்தில் தாங்கும் ஒரு அட்டை அண்ணையின் பணப்பையில் இருந்தால், களஞ்சிய வேலையின் கவர்ச்சியும் குறையும். ஆறு பேருக்கு ஆறு மாதக் காப்புறுதிக் கட்டணத்தைக் கணக்குப் பார்த்து, சென்ற வசந்தத்தில் நிலத்தைத் தோண்டிக் குழாய் மாற்றிய விலைச்சீட்டுக்குப் பக்கத்தில் வைத்து உரிமையாளரிடம் காட்டுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு, பலர் இதைக் கவனிப்பதில்லை. வழமையான வார வேலை நேரம் உள்ள ஊழியர் ஒருவர், தமது வழமையான வாரச் சம்பளத்தின் பாதிக்குக் குறைவாக உழைக்கும் வாரமே பணிநிறுத்த வாரமாகக் கணக்கிடப்படும். அண்ணைக்கு வாரத்தில் இரண்டரை நாள் வேலை கொடுத்தால் அந்த வாரம் கணக்கில் வராது. குளிர்காலத்தில் அவருக்கு வேலை இல்லாமலும் இல்லை. கழற்றிய பம்புகளைப் பிரித்துச் சரிபார்த்தல், மிதவை வளையங்களை ஒட்டுதல், உதிரிப் பாகங்களுக்குக் கட்டளை கொடுத்தல், கூரைகளில் பனி அழுத்துகிறதா என்று பூங்காவைச் சுற்றிப் பார்த்தல் எல்லாம் வீட்டு வாசலில் காத்திருக்கும் வேலைகள். சுற்றிப் பார்க்கும் வேலைக்கு மட்டும் ஒருபோதும் தனியாக ஒருவரை அனுப்பாதீர்கள். இந்த அரை வாரத்தில் அவர் செய்யவேண்டிய முதல் வேலையாக நான் சொல்வது, எல்லா வால்வுகளுக்கும் இலக்கத் தகடு போட்டு, மூடும் ஒழுங்கை அவருடைய வாயாலேயே சொல்லவைத்து, இளைய பராமரிப்பாளர் ஒருவர் பக்கத்தில் இருந்து கைபேசியில் படம் எடுத்து எழுதுவது. ஆனால் நேரக் குறைப்பை அவருடைய சம்மதத்துடன் எழுத்தில் செய்யுங்கள். அதனால், வேலையில்லாத காலத்தில் அரசாங்கம் அவருக்குத் தரும் வேலைக் காப்புறுதிப் பணம் எப்படி மாறும் என்பதையும் அவர் தீர்மானிக்குமுன் உட்கார்ந்து கணக்குப் பாருங்கள்.

வேலைக் காப்புறுதியைப் பொறுத்தவரை, வசிக்கும் பகுதியின் வேலையின்மை வீதத்தைப் பொறுத்து 420 முதல் 700 மணிநேரம் வரை உழைத்திருக்கவேண்டும். கிடைப்பது, ஓர் உச்ச வரம்புக்கு உட்பட்டுச் சராசரி வாரச் சம்பளத்தின் 55 சதவீதம், 14 முதல் 45 வாரங்கள் வரை. மூடும் வேலை ஒக்டோபர் இறுதிவரை நீள்வதால் அவர்களின் மணிநேரக் கணக்கும் உயரும். இதை அவர்களிடம் சொல்லுங்கள், பலருக்கு இது தெரிவதில்லை. பத்திரத்தில் காரணக் குறியீடு ‘ஏ’, அதாவது வேலைக் குறைவு அல்லது பருவ முடிவு, என்று இருக்கவேண்டும். சம்பளப் பிரிவு தவறுதலாக விலகலைக் குறிக்கும் ‘ஈ’யைப் போட்டால், பணம் கிடைக்கவேண்டியவர் பல வாரங்கள் தொலைபேசியில் காத்துக்கிடப்பார். சம்பளக் காலம் முடிந்து ஐந்து நாட்களுக்குள் மின்னணு முறையில் அனுப்பிவிடுங்கள். 14ஆம் கட்டத்தில் 2027 ஏப்ரல் 12 என்ற திகதியை எழுதுங்கள்.

உங்கள் பகுதியில் உள்ள இன்னொரு வாய்ப்பையும் சொல்லவேண்டும். கொலிங்வூட்டுக்கு அருகே புளூ மவுண்டன், பாரிக்கு வடக்கே ஹோர்ஸ்ஷூ, மவுண்ட் சென் லூயிஸ் மூன்ஸ்டோன் ஆகிய பனிச்சறுக்கு மலைகள், நீங்கள் ஆட்களை அனுப்பும் காலத்தில் ஆட்களைத் தேடுகின்றன. செயற்கைப் பனி செய்வது என்பது அழுத்தமான நீரையும் காற்றையும் குழாய்களில் செலுத்தும் வேலைதான். உங்கள் பராமரிப்புக் குழுவின் கைகளுக்கு அது பழகிய வேலை. அப்படியான ஒரு மலையின் மனிதவளப் பிரிவை ஓகஸ்டிலேயே தொடர்புகொண்டு, “டிசெம்பரிலிருந்து மார்ச் முடியும்வரை எங்கள் நால்வரை எடுத்துக்கொள்வீர்களா, ஏப்ரலில் எங்களுக்குத் திரும்பத் தேவை” என்று வெளிப்படையாகக் கேளுங்கள். வேலைக் காப்புறுதி பெறும் காலத்தில் இப்படி உழைத்தால், உழைத்ததைச் சேர்விஸ் கனடாவுக்கு அறிவிக்கவேண்டும். உழைக்கும் ஒவ்வொரு டொலருக்கும் கொடுப்பனவில் 50 சதம் குறையும், ஆனால் ஒரு எல்லைவரை இரண்டும் சேர்ந்து கையில் கிடைப்பது கூடும். மலைக்குப் போனால் அங்கேயே நின்றுவிடுவார்கள் என்று உரிமையாளர் பயப்படலாம். மார்ச் முடிய மலைக்கும் வேலை முடிந்துவிடும் என்பதை அவருக்கு ஞாபகப்படுத்துங்கள்.

மாணவர்களைத் திரும்பப் பெறுவது இதைவிட எளிது. உயிர்காப்பாளருக்கான நஷனல் லைஃப்கார்ட் சான்றிதழ் இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செல்லுபடியாகும். மார்ச் விடுமுறையில் ஒரு உள்ளரங்கத் தடாகத்தை வாடகைக்கு எடுத்து, திரும்பி வருபவர்களின் மறுசான்றிதழ்ச் செலவை நீங்களே ஏற்றுக்கொண்டால், அந்த ஒரு சனிக்கிழமையில் உங்கள் கோடைக் குழுவின் பாதி உறுதியாகிவிடும். கடைசி வேலை நாளன்றே “அடுத்த ஆண்டு வருவீர்களா?” என்று கேட்டு, வருவேன் என்பவர்களுக்கு ஜனவரியில் முதல் அழைப்பை அனுப்புங்கள். இது போதும்.

இந்த ஆண்டு நீங்கள் எதிர்கொள்ளும் சிக்கல், இடைநிற்பவர்களின் ஒப்பந்தத்தில் பணிநிறுத்த நிபந்தனையைப் பருவத்தின் நடுவில் சேர்க்கவேண்டியிருப்பது. ஏற்கனவே வேலையில் இருப்பவரிடம் புதிய நிபந்தனையில் வெறுமனே கையொப்பம் வாங்கினால் அது நிற்காது. அதற்கு ஈடாக அவருக்குப் புதிதாக ஏதேனும் கிடைக்கவேண்டும். காப்புறுதித் தொடர்ச்சியையும், ஏப்ரலில் திரும்பும் நாளில் கொடுக்கப்படும் ஒரு தொகையையும் அந்த ஈடாக வையுங்கள். வாசகத்தைத் தொழிற்சட்ட வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் கொடுத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆறு பேருக்கும் ஒரே வாசகம் என்பதால் செலவு பெரிதாக இராது. அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்து, வேண்டுமானால் பிள்ளைகளிடமோ வேறொரு வழக்கறிஞரிடமோ காட்டிவிட்டு வர ஒரு வாரம் கொடுங்கள்.

அந்த வாசகம் தயாராகும்வரை அண்ணையுடன் பேசாமல் இருக்காதீர்கள். உரிமையாளரிடம் ஏப்ரல் 12க்கும் காப்புறுதிக்கும் ஒப்புதல் வாங்கிய அன்றே, இந்தக் கிழமைக்குள், அவர் வேலை செய்யும் பம்பு அறைக்கே போய், அவரை இரைச்சலுக்கு வெளியே அழைத்து, கதவைச் சாத்தி, திகதியை வாயால் சொல்லுங்கள். களஞ்சியத்தில் எவ்வளவு தருகிறார்கள் என்று கேளுங்கள், அவர் சொல்லும் தொகையைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு உங்களால் எட்ட முடியாவிட்டால் அதையும் மறைக்காமல் சொல்லி, அவர் போவதென்றால் ஒக்டோபர் மூடும் வேலைக்கு மட்டுமாவது வார இறுதிகளில் வந்து இளையவர்களுக்குக் காட்டித் தரமுடியுமா, அதற்கு என்ன கூலி வேண்டும் என்று கேளுங்கள். அவருடைய பதில் கிடைத்ததும், விரும்பினால் எனக்கு எழுதுங்கள். கடிதத்தின் வாசகத்தை அதற்கேற்பச் சேர்ந்து பார்ப்போம்.